வீட்டில் செய்த ஹைட்ரஜன் அமைப்பைக் காரில் கட்டுப்படுத்துவதும் அளப்பதும்: முழுமையான வழிகாட்டி

நண்பர் ஒருவரின் பழைய பெட்ரோல் காரில் பானட்டைத் திறந்தபோது, பேட்டரிக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே உள்ள சந்தில், எஃகுத் தகடுகளை அடுக்கி போல்ட் போட்டு இறுக்கிய ஒரு கட்டு இருந்தது. அதன் பக்கத்தில் வாட்டர் ஃபில்டரின் கூட்டைப் போன்ற ஒரு தெளிந்த குடுவை; குடுவையிலிருந்து ஏர் ஃபில்டர் குழாய்க்கு ஒரு மெல்லிய ஹோஸ். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கூடியிருப்பதாக அவர் உறுதியாகச் சொன்னார். நான் கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டிவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். தொடக்கத்தில் 14 ஆம்பியர் காட்டிய மீட்டர், இருபது நிமிடத்தில் 23ஐத் தாண்டியது. தகட்டுக் கட்டின் மேல் கை வைக்க முடியவில்லை. இதை எதைக் கொண்டு கட்டுப்படுத்துகிறீர்கள் என்று கேட்டதற்கு, டேஷ்போர்டின் கீழே இருந்த ஒரே ஒரு ஸ்விட்சைக் காட்டினார்.

அத்தகைய அமைப்பைக் காரில் வைத்திருப்பவர்களுக்கும், வாங்கலாமா அல்லது செய்துபார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. என் முடிவை ஒளித்துவைக்க விரும்பவில்லை: காரின் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து அதே காரின் எஞ்சினுக்கு ஊட்டும் அமைப்பு எரிபொருளைச் சேமிக்காது. ஆயினும் அதைப் பொருத்தியவர்கள் சேமிப்பு தெரிகிறது என்று சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தச் சேமிப்பு எங்கிருந்து வருகிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை அறிய, அமைப்பின் ஒவ்வொரு பகுதியையும் கட்டுக்குள் கொண்டுவந்து அளக்க வேண்டும். பாதுகாப்புக்கும் அதே கட்டுப்பாடுதான் தேவைப்படுகிறது.

கருத்தின் வேர்

தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கலாம் என்பது 1800இல் நிக்கல்சனும் கார்லைலும் காட்டியது. ஹைட்ரஜனை எரித்து ஓடும் உள்ளெரி எஞ்சினுக்கு 1807இலேயே டி ரிவாஸ் காப்புரிமை பெற்றுவிட்டார். இரண்டையும் ஒரே வண்டிக்குள் சேர்க்கும் ஆசை பின்னர் பலமுறை தலைதூக்கியிருக்கிறது. தண்ணீரில் ஓடும் வண்டி என்று முதலீடு திரட்டிய ஸ்டான்லி மேயர் மீதான வழக்கில், அது மோசடி என்று அமெரிக்காவின் ஒஹாயோ நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு, தண்ணீரில் மூலிகையைப் போட்டு எரிபொருள் செய்வதாகச் சொல்லப்பட்ட மூலிகைப் பெட்ரோலைப் பற்றித் தமிழ்நாடு முழுவதும் பேசிக்கொண்டிருந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. 2008இல் அமெரிக்காவில் பெட்ரோல் ஒரு கேலனுக்கு 4 டாலரைக் கடந்தபோது, பெட்ரோலுக்குப் பதிலாக அல்ல, பெட்ரோலுடன் சிறிதளவு வாயுவைச் சேர்த்தால் போதும் என்ற அடக்கமான வடிவத்தில் இந்தக் கருத்து வீட்டுக் கொட்டகைகளுக்குள் பரவியது. இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் கலந்தே வெளிவரும் அந்த வாயுவுக்கு எச்எச்ஓ என்றும் பிரௌன் வாயு என்றும் பெயர்கள் நிலைத்தன.

இதை விற்பவர்கள் சுட்டிக்காட்டும் அறிவியலில் உண்மை உண்டு. ஹைட்ரஜனின் சுடர் பெட்ரோல் ஆவியின் சுடரைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1977இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையில், பெட்ரோல் எஞ்சினுக்கு ஹைட்ரஜன் சேர்த்தபோது, சாதாரணமாக எரிய மறுக்கும் அளவுக்குப் பெட்ரோல் குறைந்த கலவையும் ஒழுங்காக எரிந்தது பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த ஹைட்ரஜன் சிலிண்டரிலிருந்தும் மெத்தனாலைப் பிரிக்கும் கருவியிலிருந்தும் வந்தது. எஞ்சினே சுழற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து அல்ல. கலவையையும் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே மெலியவைத்தார்கள். இந்த இரண்டு விவரங்களும் விளம்பரத் துண்டுகளில் காணப்படுவதில்லை.

முதல் படி: ஸ்பானரைத் தொடுமுன் கணக்கு

எவ்வளவு மின்னோட்டத்துக்கு எவ்வளவு வாயு வரும் என்பதை ஃபாரடேயின் விதி தீர்மானிக்கிறது. தகட்டின் வடிவத்தாலோ அதிர்வெண்ணாலோ அதை மிஞ்ச முடியாது. ஒரு செல் (இரு தகடுகளும் அவற்றுக்கு இடையிலுள்ள கரைசலும்) வழியாக 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால், 25 டிகிரி செல்சியஸில், இரண்டு வாயுவும் சேர்த்து 0.685 லிட்டர் கிடைக்கும். ஆறு செல்களைத் தொடராக இணைத்தால் அதே 1 ஆம்பியர் ஆறு செல்களிலும் வேலை செய்வதால், 20 ஆம்பியரில் மணிக்கு சுமார் 82 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 1.37 லிட்டர் வரும். காருக்கான கிட்டுகளில் இது நல்ல அளவு என்றே கருதப்படும்.

இப்போது வரவு செலவைப் பார்க்கலாம். ஓடும் காரில் 13.8 வோல்ட் இருப்பதாக வைத்துக்கொண்டால், 20 ஆம்பியருக்கு 276 வாட் செலவாகிறது. வெளிவரும் ஹைட்ரஜனை முழுமையாக எரித்தால் கிடைப்பது சுமார் 150 வாட். இழப்பு அத்துடன் நிற்பதில்லை. ஆல்டர்னேட்டர் தன்னைச் சுழற்றும் சக்தியில் ஏறத்தாழ 55 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக்குகிறது என்று கொண்டால், 276 வாட்டுக்காக எஞ்சின் பெல்ட்டின் வழியே 500 வாட் கொடுக்க வேண்டும். எஞ்சின் பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கைத்தான் சுழற்சியாக மாற்றுகிறது என்று கொண்டால், அந்த 500 வாட்டுக்கு 2,000 வாட் அளவுக்குப் பெட்ரோல் எரிய வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருப்பதால், இதை அளவுச் சாடியில் ஊற்றிப் பார்ப்பதுபோலச் சொல்லலாம்: ஒரு மணி நேர ஓட்டத்தில் 225 மில்லிலிட்டர் பெட்ரோலைக் கூடுதலாக எரித்து, 17 மில்லிலிட்டர் பெட்ரோலுக்குச் சமமான வாயுவைப் பெறுகிறோம். நான் எஞ்சினைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று தோன்றினால், கூடுதல் சுமையை அது 40 விழுக்காடு திறனுடன் சுமக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் செலவு 140 மில்லிலிட்டருக்குக் கீழே வராது.

வாயு சக்திக்காக அல்ல, பெட்ரோல் நன்றாக எரியத் தூண்டுகோலாகத்தான் சேர்க்கப்படுகிறது என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். அதையும் கணக்கிடலாம். 1.2 லிட்டர் எஞ்சின் 2,000 சுற்றில், காற்று வரத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாதி மூடிய நிலையில், நிமிடத்துக்குச் சுமார் 600 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. அதில் நம் ஹைட்ரஜன் 0.9 லிட்டர், அதாவது 0.15 விழுக்காடு. காற்றில் ஹைட்ரஜன் தானாகச் சுடரைக் கடத்தவே குறைந்தது 4 விழுக்காடு வேண்டும். பெட்ரோல் ஆவி ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் அறைக்குள் இந்தச் சிட்டிகை நுழைந்து சுடரின் வேகத்தை மாற்றும் அளவு மிகச் சொற்பம். மேலும் நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் எரியாமல் வெளியேறும் பெட்ரோல் மிகக் குறைவு. இழப்பின் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. எரியாத பெட்ரோலை எரியவைத்து 30 விழுக்காடு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால், அந்த 30 விழுக்காடு முதலில் எரியாமல் இருந்தாக வேண்டும்.

இரண்டாம் படி: மின்னோட்டத்தைக் கட்டுவது

நண்பரின் மீட்டர் 14இலிருந்து 23க்கு ஏறியது பழுது அல்ல; கட்டுப்படுத்தப்படாத எல்லாச் செல்லுக்கும் இயல்பான நடத்தை. ஆறு செல் கட்டில் 20 ஆம்பியர் பாயும்போது ஏறத்தாழ 100 வாட் வெப்பமாகக் கட்டுக்குள்ளேயே தங்குகிறது. மின்பகுளி, அதாவது தகடுகளுக்கிடையே மின்சாரத்தைக் கடத்தும் கரைசல், சூடானால் அதன் மின்தடை குறையும். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் வெப்பம் இன்னும் ஏறும். ஃபியூஸ் போகும்வரை, அல்லது பிளாஸ்டிக் குழாய் இளகும்வரை, இந்தச் சுழல் தானாக நிற்காது.

இதற்கு மருந்து, மின்னோட்டத்தைத் தானே அளந்து நிலைநிறுத்தும் பிடபிள்யூஎம் கட்டுப்படுத்தி, அதாவது மின்சாரத்தை மிக வேகமாகப் போட்டு அணைத்து அளவைக் கட்டும் கருவி. கடையில் பிடபிள்யூஎம் என்று விற்கப்படுபவற்றில் பாதி, மோட்டாரின் வேகத்தைக் குறைக்கப் பயன்படும் எளிய வகை. அதில் குமிழைத் திருப்பி வைத்த விகிதம் மாறாமல் இருக்கும், ஆனால் செல் சூடாகச் சூடாக ஆம்பியர் ஏறிக்கொண்டே போகும். வாங்கும்போது மாறா மின்னோட்ட வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் சோதிக்கும் வழி எளிது: குளிர்ந்த செல்லில் 10 ஆம்பியருக்கு வைத்து, அரை மணி நேரம் கழித்துக் கிளாம்ப் மீட்டரில் பார்த்தால், முள் அதே இடத்தில் நிற்க வேண்டும். எச்எச்ஓ வாயு வெளியேற இடமுள்ள திறந்தவெளியில் மட்டுமே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

செல்களின் எண்ணிக்கையும் ஒரு கட்டுப்பாடுதான். ஒரு செல்லுக்கு நடைமுறையில் 2 வோல்ட் அளவு போதும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் வெப்பமாகும். எனவே 13.8 வோல்ட்டுக்கு ஆறு அல்லது ஏழு செல்களைத் தொடராக வைப்பதே முறை. 2008 காலத்துக் கண்ணாடி ஜாடி வகைகளில் இரண்டே தகடு இருந்தது; ஒரே செல்லின் மேல் 13.8 வோல்ட்டும் விழுந்ததால், 20 ஆம்பியரை விழுங்கிவிட்டு நிமிடத்துக்குக் கால் லிட்டர் வாயுகூடத் தராமல், வெந்நீர் போடும் பாத்திரமாகவே அவை வேலை செய்தன.

மின்பகுளியின் செறிவுதான் மூன்றாவது பிடி. பயன்படுத்த வேண்டியது டிஸ்டில்டு வாட்டரும் சிறிதளவு காஸ்டிக் பொட்டாஷும். சமையல் உப்பு போட்டால் குளோரின் வாயு வரும். சோடா உப்பு போட்டால் கார்பன் டைஆக்சைடு கலக்கும். போர் தண்ணீர் ஊற்றினால் தகடு அரித்து அடியில் பழுப்பு நிறச் சேறு படியும். இந்தச் சேற்றில் எஃகிலிருந்து வந்த நச்சுத்தன்மையுள்ள குரோமியம் இருக்கக்கூடும் என்பதால் அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. செல் ஓடும்போது செலவாவது தண்ணீர் மட்டுமே. பொட்டாஷ் உள்ளேயே இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் நம் 20 ஆம்பியர் கணக்கில் 25 மணி நேரம் வரும். மட்டம் இறங்கும்போது கரைசல் அடர்ந்து மின்னோட்டம் கூடும், எனவே மேலே ஊற்ற வேண்டியது வெறும் டிஸ்டில்டு வாட்டர்தான். ஒவ்வொரு முறையும் பொட்டாஷும் சேர்த்து ஊற்றுபவர்களின் வண்டியில்தான் ஃபியூஸ் அடிக்கடி போகிறது.

பொட்டாஷைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும்; பொட்டாஷின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம். கண்ணில் பட்டால் வேறு எதையும் தேடாமல் ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: தானே அணைந்துவிடும் மின்சுற்று

டேஷ்போர்டு ஸ்விட்சை நம்பி இருப்பதுதான் நான் பார்த்த அமைப்புகளில் மிகப் பொதுவான தவறு. சாவி போடப்பட்டிருந்தும் எஞ்சின் ஓடாத நேரத்தில் செல் இயங்கினால், வாயு உறிஞ்சப்படாமல் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் பானட்டின் கீழேயும் தேங்கும். அடுத்து ஸ்டார்ட்டர் சுழலும்போது ஒரு பொறி போதும். எனவே செல்லுக்கான ரிலேயை (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் மின்காந்த ஸ்விட்ச்) சாவியோடு இணைக்காமல், எஞ்சின் சுழலும்போது மட்டும் மின்சாரம் இருக்கும் இடத்தோடு இணைக்க வேண்டும். இன்ஜெக்ஷன் கார்களில் எரிபொருள் பம்ப்பின் ரிலே அதற்கு உகந்தது. எஞ்சின் நின்றால் காரின் கணினியான இசியு அதை ஓரிரு நொடிகளில் அணைத்துவிடும்.

அந்த ரிலேயின் சுருளுக்குச் செல்லும் ஒயரில் மூன்று காவலர்களைத் தொடராக நிறுத்துங்கள்: கட்டின் உடலில் ஒட்டிய, 60 டிகிரியில் திறந்துகொள்ளும் வெப்ப ஸ்விட்ச், தண்ணீர் மட்டம் குறைந்தால் திறக்கும் மிதவை ஸ்விட்ச், ஹோஸ் அடைத்து அழுத்தம் ஏறினால் திறக்கும் அழுத்த ஸ்விட்ச். மூன்றில் எது திறந்தாலும் எல்லாம் அணையும். டேஷ்போர்டு ஸ்விட்ச் நான்காவதாக அதே வரிசையில் இருக்கலாம்.

பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். 20 ஆம்பியர் அமைப்புக்கு 30 ஆம்பியர் ஃபியூஸும், அதைத் தாங்கும் தடிமனான ஒயரும் பொருத்தமானவை. புதிய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்னோட்ட சென்சார் இருக்கும். எர்த் ஒயரை அந்த முனையில் மாட்டாமல் பாடியில் மாட்டினால்தான் அந்த சென்சாரின் கணக்கு பிசகாது. கூடவே ஆல்டர்னேட்டருக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், ஏசி, ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓடும்போது மேலும் 20 ஆம்பியரைச் சுமத்தினால், சிறிய காரின் ஆல்டர்னேட்டர் திணறி, பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும்.

நான்காம் படி: வாயு செல்லும் வழி

சமையல் எரிவாயு கசிந்தாலும் காற்றோடு கலந்த பின்னரே எரியும். எச்எச்ஓ அப்படியல்ல, எரிய வேண்டிய ஆக்சிஜன், சரியான விகிதத்தில், ஏற்கெனவே அதனுள் இருக்கிறது. அதைப் பற்றவைக்கத் தேவையான பொறி, பெட்ரோல் ஆவிக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. நைலான் சட்டையைக் கழற்றும்போது எழும் மின்பொறி தாராளமாகப் போதும். குழாய்க்குள் பற்றினால் சுடர் ஒலியின் வேகத்தை மிஞ்சி ஓடும் வெடிப்பாக மாறக்கூடும். ஆகவே இந்த வாயுவைச் சேமிக்கவோ, அழுத்தவோ, பலூனிலோ டியூபிலோ அடைக்கவோ கூடாது என்பது இந்த வழிகாட்டியில் விதிவிலக்கே இல்லாத ஒரே விதி. வண்டியில், உற்பத்தியாகும் கணமே அது எஞ்சினுக்குள் போய்விட வேண்டும். வழியில் தேங்கும் கொள்ளளவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

செல்லுக்கும் எஞ்சினுக்கும் நடுவே வாயு தண்ணீருக்குள் குமிழியிட்டு ஏறும் பபிளர் கட்டாயம். எஞ்சின் பக்கமிருந்து பின்னோக்கிச் சுடர் வந்தால் தண்ணீர் அதைத் தடுக்கும். செல்லிலிருந்து வரும் காஸ்டிக் திவலையையும் அதுவே கழுவி எடுக்கும். இரண்டாவது பயன் முதலாவதற்குச் சற்றும் குறைந்ததல்ல. த்ராட்டில் பாடியும் பிஸ்டனும் அலுமினியம். காஸ்டிக் பொட்டாஷ் அலுமினியத்தைத் தின்னும். பபிளரின் மூடி, உள்ளே வெடித்தால் உடல் சிதறாமல் தான் மட்டும் கழன்று போகும்படி இருக்க வேண்டும். கண்ணாடிக் குடுவை வேண்டவே வேண்டாம். எரிவாயு அடுப்புக்கான சுடர்த் தடுப்பான் ஹைட்ரஜனுக்குப் போதாது, ஏனெனில் ஹைட்ரஜனின் சுடர் மிகக் குறுகிய இடைவெளியிலும் நுழையும்.

ஹோஸை ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடைப்பட்ட குழாயில் இணைப்பதே பொதுவாகச் சரியானது. இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடத்தில் நேராக இணைத்தால், த்ராட்டில் மூடும்போதெல்லாம் பபிளரின் தண்ணீரை எஞ்சின் உறிஞ்சப் பார்க்கும். டர்போ வண்டியில் டர்போவுக்குப் பின்னால் இணைத்தால் அழுத்தம் செல்லை நோக்கித் திரும்பும். செல்லையோ பபிளரையோ டிக்கியிலும் பயணிகள் அறையிலும் வைக்கக் கூடாது. மூடிய கராஜுக்குள் இயக்கவும் கூடாது.

ஐந்தாம் படி: வாயுவை அளப்பது

கணக்கில் 1.37 லிட்டர் என்றோம். செல் உண்மையில் எவ்வளவு தருகிறது? வாளித் தண்ணீரில் கவிழ்த்த, தண்ணீர் நிறைந்த 250 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் ஹோஸை விட்டு, பாட்டில் காலியாகும் நேரத்தைக் குறித்தால் தெரிந்துவிடும். 20 ஆம்பியரில் ஆறு செல்லுக்கு 11 நொடி ஆக வேண்டும். இதற்கு லிட்டர் பாட்டிலை எடுக்காதீர்கள். திறந்தவெளியில், கண் கண்ணாடியும் காதடைப்பானும் அணிந்து, அருகில் நெருப்போ ஸ்விட்சோ இல்லாமல் செய்து, நிரம்பியதும் பாட்டிலை உடனே காற்றில் திருப்பிக் காலிசெய்துவிட வேண்டும்.

அளவு ஃபாரடேயின் எல்லையைத் தாண்டினால் புதுமையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ வேண்டாம், நீராவியைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். 60 டிகிரிச் சூட்டில் வெளிவரும் வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு நீராவி. சூட்டினால் வாயுவும் விரிந்திருக்கும். குளிர்ந்த நீர் வழியே விடாமல் சூடாகவே அளந்தால் 1.37 லிட்டர் 1.9 லிட்டராகத் தெரியும். விற்பனைக் காணொளிகளில் காட்டப்படும் அதிசய அளவுகளில் இந்த ஆவிக்கும் பங்குண்டு.

ஆறாம் படி: ஆக்சிஜன் சென்சாரைத் தொடாதீர்கள்

பல கிட்டுகளோடு தீப்பெட்டி அளவில் ஒரு மின்னணுப் பெட்டி வரும். ஈஎஃப்ஐஈ என்று அழைக்கப்படும் அது, சைலன்சர் குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் அனுப்பும் செய்தியை மாற்றி இசியுவுக்குக் கொடுக்கிறது. புதிய எஞ்சினில் ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற விகிதத்தை இசியு காத்துவருகிறது, சென்சார் 0.45 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெட்ரோலைக் குறைக்கும், கீழே காட்டினால் கூட்டும். ஈஎஃப்ஐஈ சிறிது வோல்ட்டைக் கூட்டிக் காட்டுவதால், பெட்ரோல் அதிகம் என்று இசியு நம்பிக் குறைக்கிறது.

எச்எச்ஓவால் வெளியேறும் புகையில் ஆக்சிஜன் கூடிவிடும், அதனால் இசியு ஏமாந்து பெட்ரோலைக் கூட்டிவிடும், அதைத் திருத்தவே இந்தப் பெட்டி என்பது சொல்லப்படும் காரணம். ஆனால் எச்எச்ஓ தன் ஹைட்ரஜனை எரிக்க வேண்டிய ஆக்சிஜனைத் துல்லியமாகத் தானே கொண்டுவருகிறது; எரிந்தபின் மிஞ்சுவது தண்ணீர் மட்டுமே. திருத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆகவே இந்தப் பெட்டி செய்வது ஒன்றே: கலவையை மெலியவைப்பது. மெலிந்த கலவை ஓரளவு மைலேஜைக் கூட்டவும் செய்யும். நண்பரின் காரில் இருந்தது இதுதான்; செல்லை அணைத்துவிட்டு அந்தப் பெட்டியை மட்டும் விட்டுவைத்தபோதும் அவருடைய கூடுதல் கிலோமீட்டர்கள் அப்படியே இருந்தன, பெட்டியைக் கழற்றியதும் போய்விட்டன.

அந்தச் சேமிப்புக்கு விலை உண்டு. எஞ்சின் புகையைச் சுத்திகரிக்கும் மூவழி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 14.7 விகிதத்தை ஒட்டித்தான் நைட்ரஜன் ஆக்சைடுகளை அழிக்கும். மெலிந்த பக்கம் போனால் அவை சுத்திகரிக்கப்படாமல் தெருவுக்கு வரும். இழுவை குறையும், மேட்டில் எஞ்சின் விக்கும், சூடும் ஏறலாம். இசியுவின் எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி நீண்டகால எரிபொருள் திருத்தத்தை, அதாவது இசியு பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ வருகிறது என்ற எண்ணைப் பாருங்கள். பழுதில்லாத வண்டியில் அது பூஜ்யத்தை ஒட்டி, கூட்டியோ குறைத்தோ 10 விழுக்காட்டுக்குள் நிற்கும். பெட்டி மாட்டிய வண்டியில் ஸ்கேனர் தானாகக் கணக்கிட்டுக் காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம், ஏனெனில் கலவை 14.7இல் இருப்பதாக எண்ணியே அது கணக்கிடுகிறது.

ஏழாம் படி: நேர்மையான மைலேஜ் சோதனை

ஒருமுறை டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுவது இந்த வேலைக்குப் போதாது. பங்க்கில் நாசில் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை. 10 லிட்டர் நிரப்புகையில் ஒரு லிட்டர் முன்பின்னாக நின்றாலே 10 விழுக்காடு பிழை. நீங்கள் தேடும் மாற்றமே அவ்வளவுதான். எனவே ஏறத்தாழ முழு டேங்க் காலியாகும்வரை ஓட்ட வேண்டும். அதே பங்க், அதே பம்ப், வண்டி அதே தரையில் நிற்க வேண்டும். டயர் காற்றைச் சரிபார்த்திருக்க வேண்டும். ஏசியை ஒன்றில் போட்டு மற்றதில் அணைக்கக் கூடாது.

வரிசையும் முக்கியம். முதல் டேங்க் செல் அணைந்து, இரண்டாவது செல் இயங்கி, மூன்றாவது மறுபடி அணைந்து. மூன்றாவது முதலாவதோடு ஒத்துப்போகவில்லை என்றால், பருவமோ போக்குவரத்தோ மாறியிருக்கிறது என்று பொருள். இரண்டாவதன் எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. பல சுற்றுகள் ஓடினால்தான் தற்செயல் விலகும்.

மிகப் பெரிய பிழை வலது காலில் இருக்கிறது. பணம் போட்டு கிட் பொருத்தியவர், தன்னை அறியாமல் ஆக்சிலரேட்டரை மென்மையாக மிதிக்கிறார். வேகம் மணிக்கு 100இலிருந்து 80 ஆகக் குறைந்தால் காற்றின் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். எந்த வாயுவும் அதனோடு போட்டியிட முடியாது. ஆகவே ஸ்விட்சை ஓட்டுநருக்குத் தெரியாத இடத்தில் வைத்து, வீட்டில் வேறொருவர் நாணயத்தைச் சுண்டிப் போட்டு, போடுவதா அணைப்பதா என்று தீர்மானித்துத் தாளில் எழுதி ஒட்டி வைக்கட்டும். எல்லா டேங்க்குகளும் முடிந்த பின்னரே தாளைப் பிரிக்க வேண்டும். ஆம்பியர் மீட்டரையும் அதுவரை மறைத்துவிடுங்கள்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு ஐந்து நிமிடச் சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை ஐடிலில் விட்டு, ஏசியை அணைத்து, ஸ்கேனரில் எஞ்சின் சுமையைப் பாருங்கள். செல்லை இயக்குங்கள், எஞ்சினின் ஓசை ஒரு கணம் தாழ்ந்து மீளும், சுமை எண் ஏறும். செல்லை அணைத்துவிட்டு, ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டுப் பாருங்கள். அதே தாழ்வு, அதே ஏற்றம், சற்றுக் குறைவாக. எஞ்சினுக்கு முதலில் தெரிவது வாயு அல்ல, ஆல்டர்னேட்டரின் இழுப்பு.

சட்டம் குறித்து

இந்தியாவில் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு தடுக்கிறது. சிஎன்ஜி, எல்பிஜி மாற்றங்கள்கூட அங்கீகரிக்கப்பட்ட கிட்டைக் கொண்டு செய்து, சான்றிதழில் பதிந்தால்தான் செல்லும். தீவிபத்து நேர்ந்தால், பானட்டுக்குள் வீட்டில் செய்த வாயு உற்பத்திக் கருவி இருந்ததைக் காப்பீட்டு நிறுவனம் கவனிக்காமல் விடாது.

கழற்றும்போது

சோதனை முடிந்து செல்லைக் கழற்றுபவர்கள், பேட்டரி ஒயரை முதலில் பிரித்து, பானட்டைத் திறந்தபடி கால் மணி நேரம் விட்டுவிட்டு ஹோஸ்களைக் கழற்ற வேண்டும். செல்லைத் தண்ணீரால் நிரப்பி உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றிய பிறகே போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். கரைசலை நிறையத் தண்ணீரில் நீர்க்கச் செய்து, சிறிது சிறிதாக வினிகர் விட்டு, லிட்மஸ் தாள் நீலமாக மாறாத நிலைக்குக் கொண்டுவரலாம். பழுப்புச் சேறு இருந்தால் அதைத் தனியாக மூடிய டப்பாவில் எடுத்துவைத்து, அபாயக் கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். ஏர் ஃபில்டர் குழாயில் ஹோஸுக்காகப் போட்ட துளையை டேப் ஒட்டி மூடாதீர்கள். பானட்டின் சூட்டில் அது உரிந்து, வடிகட்டப்படாத காற்றும் தூசும் எஞ்சினுக்குள் போகும். குழாயையே மாற்றுவது நல்லது. ஆக்சிஜன் சென்சாரின் ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஸ்கேனரில் எரிபொருள் திருத்தங்களை அழித்துவிடுங்கள். இசியு தன் பழைய கணக்குக்குத் திரும்ப ஒன்றிரண்டு நாள் ஓட்டம் பிடிக்கும். அதற்குப் பிறகு நிரப்பும் டேங்க்கிலிருந்து மைலேஜைக் குறிக்கத் தொடங்கலாம்.